பரிசு விழாதவை

பாறசாலையில், பொளித்த வீட்டுச் சாமான் விற்கும்
தகரக் கொட்டகையில் கிடந்தது அலமாரி.
அயினி மரம். ஒரு கால் மட்டும் பிலா, யாரோ மாற்றியது.
ஆயிரத்து எண்ணூறு சொன்னான்,
எழுந்து நடந்ததும் ஆயிரத்து முந்நூறுக்கு வந்தான்.
கதவுகளில் பழைய பச்சை பெயின்ட்
சொறி பிடித்ததுபோல் உரிந்து நின்றது.

பெயின்ட் அடிக்கலாமே என்றாள் பக்கத்து வீட்டு மேபல்.
அடிக்கலாம்.
ஆனால் என்னிடம் காகிதம் இருந்தது.

களியக்காவிளையில் என் வீடு,
வேலை இஞ்சிவிளையில், லாட்டரிக் கடையில்.
இந்தப் பக்கம் விற்றால் போலீஸ் பிடிக்கும்,
செக்போஸ்ட் தாண்டிவிட்டால் அதுவே அரசாங்கம்.
மூன்று மணிக்குமேல் முடிவு வரும்.
சீட்டைப் பார்ப்பார்கள். பேப்பரைப் பார்ப்பார்கள்.
சீட்டை இன்னொரு முறை.
பிறகு கை தானாகவே விரிந்துகொள்ளும்.
கூட்டிப் பெருக்குவது நான்.
ரோஸ், கத்தரிப்பூ, வெளிறிய மஞ்சள்,
ஓரமெல்லாம் பூவேலை, நடுவில் கோடி.
இத்தனை அழகாக அச்சடித்த குப்பையை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

எட்டு மாதக் குப்பை, மூன்று அரிசிச் சாக்கு.

உப்புத்தாளால் பச்சையைத் தேய்த்து எடுத்தேன்.
மைதா காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க
ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டேன்.
கீழிருந்து மேலாக, மீன் செதிள் மாதிரி
ஒன்றின் விளிம்பில் ஒன்றை ஏற்றி ஒட்டினேன்.
குமிழியைப் பழைய சீலைத் துண்டால் தடவி ஓரத்துக்கு ஓட்டினேன்.
இரண்டு கை வார்னிஷ்.
ராத்திரி டியூப்லைட் போட்டபோது
அலமாரி கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போல இருந்தது.
நான் சிரித்துவிட்டேன், தனியாக.

வியாழக்கிழமை தாசையன் வந்தார், கடைக்கல்ல, வீட்டுக்கு.
ரப்பர் பால் வெட்டுகிறவர், விரலெல்லாம் கறுப்பு.
கிழித்த பேப்பர் துண்டு ஒன்று கையில்.
‘ரோஸ்லெற்று, போன வாரம் நான் ஒழுங்கா பாக்காம எறிஞ்சிட்டேன்.
ஐயாயிரம். கடைசி நாலு எண் நாப்பது அறுபத்தொண்ணு.
நீ ஒட்டுனியாம்லா, மேபல் சொன்னா.’

டார்ச் அடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தோம்.
இடது கதவை அவர் வாசித்தார், வலது கதவை நான்.
ஜெபம் சொல்வதுபோல் எண் எண்ணாக.
சில எண்கள் தலைகீழ்; கழுத்தைத் திருப்பிப் படித்தோம்.
மேபல் கட்டன்சாயா கொண்டுவந்து
கேட்காமலே பக்கவாட்டுப் பலகையை ஏற்றுக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு, கீல் பக்கத்தில், கண்டேன்.
நான்கு, சுழி, ஆறு.
அடுத்த எண்ணின்மேல் ஒரு மஞ்சள் சீட்டின் ஓரம்.

ஒட்டிய சீட்டுக்கு எந்த ஆபீசிலும் காசு தரமாட்டார்கள்.
அது எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

பிளேடு எடுத்துவந்தேன். வெந்நீர்த் துணியும்.
அவர் மூச்சு என் தோளில் பட்டது.
மைதா நன்றாகக் காய்ச்சியிருந்தேன், அதுதான் பிழை:
மஞ்சள் வரும்போது அடியிலிருந்ததையும் கூட்டி வந்தது.
மிஞ்சியது ஒரே ஒரு நெடுங்கோடு.
ஒன்றின் உடம்பா, ஏழின் காலா,
தலையிருக்கும் இடத்தில் வெறும் மரம், செம்மண் நிறத்தில்.

மேபல் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.
நான் பிளேடைத் திருப்பிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.
மாவுதான் இருந்தது.

‘ஏழுதான்’ என்றார் தாசையன்.
முட்டைப் பிடித்து எழுந்தார்.
‘ஏழேதான். நான் ஒழுங்காத்தான் பாத்திருக்கேன்.’
சாயாவை முழுக்கக் குடித்தார்.
அலமாரி நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

அந்த இடத்தில் இன்னொன்று ஒட்டலாம்; சாக்கில் பாதி மிச்சம்.
ஒட்டவில்லை.
கதவு திறக்கும்போதெல்லாம் பெருவிரல் அங்கே போகிறது.

மறுநாள் காலை கடையில் முதல் ஆள் அவர்.
என் முகத்தைப் பார்க்காமல்
அடுக்கை மட்டும் பார்த்துக் கேட்டார்:
‘ஒண்ணுல முடியுறது இருந்தா
ஒண்ணு தா.’