இரண்டு குறைவு

ஜூலை பாதி ஆகிவிட்டது, ஜூன் கணக்கு இன்னும் மூடவில்லை.
வங்கியின் தாளும் என் பேரேடும்
நாலாயிரத்து ஐந்நூறு குவாச்சா தள்ளி
முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

வித்தியாசத்தை ஒன்பதால் வகு.
மீதமின்றி வகுபட்டால்
எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும்.
முதல் தாளிலேயே படித்தது.
வகுத்தேன். ஐந்நூறு. மீதம் இல்லை.
எங்கோ.
எண்ணூறு ரசீதுகளில் எங்கோ.

மட்டேரோவில் எங்கள் தெருவுக்கு
இரவு பத்துக்குத்தான் மின்சாரம்.
அதனால் ஆறு மணிக்குப் பிறகும் தீவன ஆலையிலேயே இருக்கிறேன்.
குஞ்சு பொரிக்கும் அறைக்காக ஜெனரேட்டர் ஓடுகிறது;
பிறக்காத கோழிகளின் தயவில்
எனக்கும் ஒரு பல்பு.

காவலர் லிஸ்வானிசோ ஒருமுறை கேட்டார்:
இவ்வளவு படித்து என்ன ஆகப்போகிறாய்?
கணக்காளர்.
இப்போது என்னவாக இருக்கிறாய்?
கணக்காளர்.
அவர் வாயிற்கதவு வரை போய்
திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேர்வு முடிவே இன்னும் வரவில்லை.
அதற்குள் அதே புத்தகத்தைத் திறந்துவிட்டேன்,
எனக்கு என்னைத் தெரியும்.
புத்தகத்தில் ‘பி’ என்ற நிறுவனம்
‘எஸ்’ என்ற நிறுவனத்தில் எண்பது விழுக்காட்டை வாங்குகிறது.
ஒற்றை எழுத்துப் பெயர்க்காரர்கள், கொடுத்துவைத்தவர்கள்.
அவர்கள் ஊரில் மின்வெட்டு இல்லை,
மாவு விலை ஏறுவதில்லை,
யாருக்கும் மகனின் பள்ளியிலிருந்து போன் வருவதில்லை.

நற்பெயர் என்பது
ஒருவர் இன்னொருவரை விலைக்கு வாங்கும்போது மட்டும்
ஏட்டில் ஏறும் சொத்து.
தானாக வளர்த்துக்கொண்டதைப் பதியக் கூடாது.
இந்த வரியை மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டேன்,
பிறகு நீலத்தால்.
எட்டு வருடமாக
ஏழரைக்குக் கதவு திறப்பவளின் நற்பெயர்
சட்டப்படி பூஜ்ஜியம்.

லண்டனில் நள்ளிரவு என்றால் இங்கே ஒரு மணி.
குளிருக்குப் போர்வைக்குள்ளேயே போனைத் திறந்தேன்.
நாற்பத்தெட்டு.
தேற ஐம்பது வேண்டும்.

எத்தனை, என்றான் முபீட்டா, கண் திறக்காமல்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து
அவன் கை வந்து என் முழங்கையைத் தேடிப் பிடித்தது.
அவன் பெயிண்ட் கடையில் மூட்டை இறக்குகிறவன்,
அந்தக் கைக்கு எடை தெரியும்.

தூக்கம் வரவில்லை.
எண்பத்து நான்கிலிருந்து நாற்பத்தெட்டைக் கழித்தேன்.
முப்பத்தாறு. ஒன்பதால் வகுபடுகிறது!
திருத்தும் மேசையில் யாரோ
தூக்கக் கலக்கத்தில் எண்ணை மாற்றிப் போட்டிருக்கலாம்.
சான்று இல்லை.
சான்று இல்லாததைப் பதியக் கூடாது, அதுவும் பாடத்தில் இருக்கிறது.
போன முறை நாற்பத்தேழு.
அதற்கு முன்பு நாற்பத்து நான்கு,
அதைத் திருப்பிப் போட்டாலும் நாற்பத்து நான்கு.

மூன்று வருடமாக நான்
என் அனாமத்துக் கணக்கில் கிடக்கிறேன்.
பற்றா வரவா என்று
யாராவது ஒரு பக்கம் ஒதுக்கும் வரை.

காலையில் மினிபஸ் கட்டணம் ஏறியிருந்தது.
நடத்துநர் பையனின் விரலிடுக்குகளில்
நீளவாக்கில் மடித்த நோட்டுகள்.
தாளும் பேனாவும் இல்லாமல்
பதினாறு பேரின் பாக்கியை நினைவில் வைத்திருப்பவன்.
என் காசை எண்ணிப் பார்த்து,
இரண்டு குறையுது மேடம், என்றான்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.
பின்சீட்டில் யாரோ இருமினார்கள்.
சரி சரி, உட்காருங்க, என்று
கதவை இழுத்துச் சாத்தினான்.

இறங்கியதும் புத்தகத்தின் கடைசி அட்டையில் எழுதினேன்:
கொடுக்க வேண்டியது, நீல மினிபஸ், இரண்டு குவாச்சா.
தேதி போட்டேன்.

ஒன்பதரைக்கு அகப்பட்டது.
சோயா மூட்டை ரசீது, ஏழாயிரத்து இருநூறு.
பேரேட்டில் இரண்டாயிரத்து எழுநூறு.
கிளார்க் மீது சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.
அந்த ஏழின் குறுக்குக்கோடு
என்னுடையது.