தொலைந்த சில்லு

டெல்ஃப்ட் நகரில் இரவு பதினொன்று.
வெளியே கால்வாயில் மழை, இரண்டு வாத்துகள்.
உள்ளே, தூசுக்கு அனுமதி இல்லாத அறையில்
முகமூடிக்குள் வீட்ஸ்கா தும்மினாள்.

அவ்வளவுதான்.
இடுக்கி முனையில் இருந்த சில்லைக் காணோம்.

உலையில் வளர்த்த வைரம்.
பாதி உளுந்து அகலம், இமைமயிரினும் மெலிவு.
அதன்மேல் பிளாஸ்மா அரித்தெடுத்த
ஒளி நடக்கும் வரப்புகள்.
பதினாறு வாரம்.

மேசைக்கடியில், காற்று வடிகட்டியின் வாயில்
முழங்காலால் ஊர்ந்து தேடினார்கள்.
“கழுத்தில் போடுற வைரமா இருந்தா
இந்நேரம் போலீஸ் வந்திருக்கும்” என்றான் யோரிட்.
அவள் சிரிக்கவில்லை.

விளக்கை அணைத்தார்கள்.
செம்மஞ்சள் கண்ணாடி மாட்டிக்கொண்டு
பச்சை லேசரை விரித்துத் தரையில் வீசினான்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் ஒன்றுமில்லை.
அலுத்துத் திரும்பியபோது
அவள் முழங்கையில் ஒரு சிவப்பு.

கரி அணுக்கள் எழுந்துபோன
காலி இருக்கைகள்,
பக்கத்துக்கொரு நைட்ரஜன்:
காகபாதம் பார்த்து வாங்கும் வியாபாரி
உதறித் தள்ளும் குறை
இருட்டில் கைகாட்டிக் கூப்பிடுகிறது.

“அசையாதே” என்றான்,
இடுக்கியைத் தடவியபடி.

அவள் மூச்சைப் பிடித்து நின்றாள்.
மறுபடி
மூக்கு அரித்தது.