கீசர் சுவிட்ச்

மூன்று நாள் தேய்த்துக் கழுவிய சமையலறையை
அரைமணியில் குலைத்துப் போட்டார்கள்.
சிங்க்கில் எச்சில் தட்டுகள்,
என்னுடையவை அல்ல, வாடகைக்கு வந்தவை.
ஃபிரிட்ஜ் கதவில் கட்டாத பில்,
ஜன்னலோரம் மாத்திரை அட்டை, பாதி காலி.
"ஐம்பது வயதுப் பெண்ணின் வீடு, ஆன்ட்டி,
இப்படித்தானே இருக்கும்?" என்றாள் நோம்புசோ.
டைரக்டர். என் மகளைவிடச் சின்னவள்.
என் நிஜ பில்லும் நிஜ மாத்திரையும்
அரிசி டின்னுக்குள் இருந்தன.

சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
எங்கள் வீடுதான் பிடித்திருந்தது அவர்களுக்கு.
நாளைக்கு இரண்டாயிரம் ராண்ட்.
ஷூ ஃபேக்டரி மூடிப் பதினாலு மாதம்.
பூபாலன் வாசலில், ஒயர்களுக்கு நடுவே
நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

கதை இதுதான்:
கணவனுக்குப் பைன்டவுனில் இன்னொரு வீடு,
அங்கே ஒரு பிள்ளை.
சட்டைப் பையில்
பள்ளிச் சீருடை வாங்கிய ரசீது.
படித்ததும் அவள் சுவரோடு சரிந்து அழவேண்டும்.

நடிகைக்கு நெற்றியில்
பாட்டிலால் வியர்வை தெளித்தார்கள்.
எனக்குத் தானாக வந்தது.
ஐந்து முறை சரிந்தாள்.
அழகாகத்தான் சரிந்தாள்.
ஐந்தாம் முறை
என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது:
"முதலில் கீசரை அணைப்பாள்."

மைக் பிடித்த பையன்கூடத் திரும்பினான்.

"துவைக்க எடுத்தபோதுதானே ரசீது கிடைத்தது?
காலையில் போட்ட கீசர் இன்னும் எரியும்,
மீட்டர் ஓடும்.
அதை அணைப்பாள்.
ஊறப்போட்ட பீன்ஸுக்குத் தண்ணீர் மாற்றுவாள்.
அப்புறம், நேரமிருந்தால்..."

"உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

கூரைமேல் ஒரு ஹடீடா கத்தித் தொலைத்தது.
சவுண்டுக்காரன் கெட்ட வார்த்தை சொன்னான்.
ஜன்னலுக்கு அப்பால் பூபாலன்
குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்,
வெகுநேரம்.

ஆகஸ்டில், ஒரு செவ்வாய் இரவு வந்தது எபிசோட்.
கரண்ட் போகாத அதிசய இரவு.
சோபாவில் எங்களுக்கு நடுவே ஒரு குஷன்.
அவள் ரசீதைப் படித்தாள். நான்காக மடித்தாள்.
சுவர்ப் பெட்டியைத் திறந்து
சுவிட்சைக் கீழே தட்டினாள்.
என் சுவிட்ச்,
இருட்டில் அடையாளம் தெரிய
நான் நெயில் பாலிஷ் பொட்டு வைத்தது.
அழவே இல்லை.
விளம்பரம் வந்துவிட்டது.

பூபாலன் ரிமோட்டைத் தேடுவதுபோல் எழுந்தார்.
ரிமோட் என் மடியில்.
"நம்ம கீசர் போட்டிருக்கா?" என்றார்,
திரையைப் பார்த்தபடி.

"நீங்களே போய்ப் பாருங்க" என்றேன்.