இரண்டு மணி, மறுபடியும்

ஒக்ரோபர் கடைசிச் சனி இரவு.
லாங்கென்தால் முதியோர் இல்லத்தில்
மூன்றாம் மாடிக்கு நான்,
கீழ் மாடிகளுக்கு ரெகுலா.
மற்ற எல்லாரும் நித்திரை
அல்லது நித்திரை மாதிரி.

இரண்டிலிருந்து மூன்று வரை
மணிக்கூடு முதற்தரம் ஓடியபோது
நானும் கூட ஓடினேன்.
ஏழாம் அறையில் அழைப்பு மணி.
பதினொன்றில் நனைந்த விரிப்பு.
நாலாம் அறை ஹேர் ஆப்பெக்லன்
சப்பாத்துப் போட்டுக்கொண்டு
மாடுகளுக்குப் புல் வைக்கப் புறப்பட்டுவிட்டார்.
பண்ணை கைமாறி முப்பது வருசம்.
அதைச் சொல்லவில்லை நான்.
"தின்று முடித்துப் படுத்துவிட்டன" என்றேன்.
"சிவப்பியுமா?"
"சிவப்பியும்தான்."
நாடாவை அவிழ்க்கக் கால் நீட்டினார்.

மேசைக்குத் திரும்பினேன்.
திரையில் 2:59.
அதற்குப் பிறகு 2:00.

வேலை அட்டவணையில்
இந்த மணித்தியாலத்துக்குக் கட்டம் இல்லை.
யாருக்கு மாத்திரை, யாரைத் திருப்பிப் படுக்க வைப்பது
ஒன்றும் எழுதப்படாத அறுபது நிமிடம்
மேசையில் கிடந்தது,
யாரோ மறந்து விட்டுப்போன குடை போல.

குடுவையில் இஞ்சித் தேத்தண்ணி இருந்தது.
இன்னும் சூடு.
கைப்பேசி உறைக்குள் பிள்ளையார்,
மூலை மடிந்து, தும்பிக்கையில் ஒரு கீறல்.
இருபத்திரண்டு வருசமாய் அவரிடம் நான் நீட்டியது
விண்ணப்பம் மட்டும்தான்.
வதிவிட அனுமதி.
அது வந்த கிழமையே, இவருக்கு வேலை.
வேலை கிடைத்த மாதமே
மகள் நிரோமிக்குக் கணக்குப் பாடம் ஓட வேணும்.
ஒன்றைத் தந்து அவர் கையை எடுக்குமுன்
அடுத்த தாளைச் செருகியிருப்பேன்.
பெற்றுக்கொண்டேன் என்று
ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை.

மார்ச் ஞாபகம் வந்தது.
பேர்ண் ஆசுப்பத்திரி, நீல வாங்கு.
உள்ளே இவருடைய நெஞ்சுக் குழாயில்
என்னவோ வைத்துக்கொண்டிருந்தார்கள்.
சுவரில் 1:59.
கண்ணை மூடித் திறந்தால் மூன்று மணி.
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
என் ஒரு மணித்தியாலத்தைக் களவெடுத்துவிட்டாய் என்று
இந்த மடிந்த மூலைப் பிள்ளையாரைத்தான் ஏசினேன்.
மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது.
வைத்தியர் முகக்கவசத்தை இறக்கினார்.
முதலில் பல் தெரிந்தது.
பிறகுதான் சிரிக்கிறார் என்று பட்டது.

அந்த மணித்தியாலம்
நான் பயந்து நடுங்கவென்று இருந்தது.
அதை அவர் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.
ஏழு மாதம் கழித்து
பயம் முழுக்கக் கழுவித்
திருப்பித் தந்திருக்கிறார்.

"அம்மா, நீங்கள் இருந்தது இருந்ததுதான்,
முள்ளைத்தான் மாற்றினார்கள்" என்பாள் நிரோமி.
கணக்கில் கெட்டிக்காரி.
அந்தக் கெட்டித்தனமும்
நான் கேட்டு வாங்கினதுதான்.

காய்ச்சல் குறிக்கிற தாளின் பின்பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
காலையில் குளியலறைக்குள் இவர் செருமுகிற சத்தம்,
பெற்றுக்கொண்டேன்.
இன்றைக்கு வரும்போது
பேருந்துச் சாரதி என்னைக் கண்டு
மூடின கதவைத் திறந்தது,
பெற்றுக்கொண்டேன்.
ஒல்ட்டன் பக்கம் சரக்கு ரயில் ஒன்று போனது.
அதை எழுதுவதா என்று யோசிக்க
ஒன்பதாம் அறை மணி அடித்தது.

ஃப்ராவ் ஸ்டுக்கி முழித்திருந்தார்.
"என்ன நேரம்?"
"இரண்டரை."
"முன்னம் கேட்டபோதும் இரண்டரை என்றாய்."
"ஓம். இது இரண்டாவது இரண்டரை."

கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார்.
தொண்ணூற்று நான்கு வயது.
எத்தனை ஒக்ரோபர் கண்டிருப்பார்.
"அப்படியென்றால் நீ அவசரப்படத் தேவையில்லை"
என்று போர்வைக்குள்ளிருந்து
கையை வெளியே எடுத்து வைத்தார்.

பிடித்தேன். தணுப்பு.
மோதிரம் தளர்ந்து சுழன்றது.
ஜன்னலில் மழை
பனியாக மாறலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.