இரண்டு வெள்ளி

காசோலை திரும்பி வந்தபோது
ஒரு துண்டுச் சீட்டும் கூடவே வந்தது:
எழுதியவரைக் கேட்கவும்.

கேட்டேன்.
துவாஸ் விடுதி வாசலில் வேனை நிறுத்தி
சாம்பார் வாளிகள் இறங்கிக்கொண்டிருக்கையிலே கேட்டேன்.
"அடுத்த வாரம் போட்டுப் பாருங்கக்கா"
என்றார் தணிகாசலம்.
போட்டுப் பார்த்தேன்.

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
பொட்டலம் மூன்று வெள்ளி எண்பது காசு.
வகுத்தால்
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து பொட்டலம்,
மீதி ஒரு வெள்ளி.
அந்த ஒன்றை அவராகவே சேர்த்து எழுதினார்,
கணக்கு முழுசாக இருக்கட்டுமென்று.

நீதிமன்றத்தில் சொன்னார்:
சாப்பாடே வரவில்லை.

வந்ததற்குச் சீட்டுகள் இருந்தன.
மேற்பார்வையாளர் கையெழுத்து,
அவர் கட்டைவிரல் மஞ்சள்.
வேன் கூரை ஒழுகி
டிசம்பர் மழை எல்லாவற்றையும்
ஒரே கட்டியாக்கி வைத்திருந்தது.
கரண்டிக் காம்பால் நெம்பி நெம்பிப் பிரித்து
அரிசி மூட்டைகள்மேல் பரப்பி
விசிறி போட்டுவிட்டுப் படுத்தேன்.
கெடு, வெள்ளிக்கிழமை மாலை நான்கு.
நான் கொடுத்தது திங்கள் காலை.

துணைப் பதிவாளர் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால்
நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.
உத்தரவு உத்தரவுதான் என்றார்.
சீட்டுகள் வெளியே நின்றன.

இந்த ஊரில்
வெள்ளி என்றால் கிழமை,
வெள்ளி என்றால் காசு.
ஒன்றை நான் தவறவிட்டேன்,
மற்றதை அவர்.
கண்டிப்பு என்னவோ
எனக்கு மட்டும் வந்து சேர்ந்தது.

இலவச ஆலோசனை, இருபது நிமிடம்.
"விசாரணை முடியட்டுமே,
பிறகு மேலே போகலாம்"
என்றார் இளம் வழக்கறிஞர், கடிகாரம் பார்த்தபடி.
உப்பில்லாமல் உலை இறக்கி
இலையில் போட்டபிறகா தம்பி
உப்பு தேடச் சொல்கிறீர்கள்?

பதினான்கு நாள் கொடுத்திருந்தார்கள்.
பதின்மூன்றாம் நாள்
மேல்முறையீட்டைப் பதிந்தேன்.
மறுபடி பிந்தினால்
என் முகத்தில் நானே விழிக்கமுடியாது.

ஹேவ்லாக் சதுக்கம், ஏழாவது தளம்.
"திருவாட்டி சபுராமா,
கடனைப் பற்றி இன்று பேச்சில்லை."
தெரியும் அம்மா.
அந்த மூன்று நாளைப் பற்றித்தான்;
அதிலும் இரண்டு,
உங்கள் கதவே பூட்டியிருந்த நாட்கள்.
மொழிபெயர்ப்பாளர் தயங்கிவிட்டு
அதையும் சொன்னார்.

நீதிபதி அசலைக் கேட்டார்.
ஒட்டியிருந்த இரண்டு சீட்டுகளை
நகத்தால் மெல்லப் பிரித்தார்.
கிழியவில்லை.
எவ்வளவு நேரம் பார்த்தார் என்று
எனக்குச் சொல்லத் தெரியாது.

சீட்டுகள் உள்ளே வரலாம்.
தாமதம் உங்களுடையது;
எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை
நீங்கள் கட்டவேண்டும், அறுநூறு வெள்ளி.

ஜெயித்தவளா கட்டுவது?
இருமுறை கேட்டேன்.
இருமுறையும் ஆம் என்றார்கள்.

கீழே இறங்கி
சைனாடவுன் ரயில் நிலையத்தின் பணப்பொறியில்
இருப்பைப் பார்த்தேன்.
வெளியே வந்து, திரும்பிப் போய்
மறுபடி பார்த்தேன்.
இருந்தது.

படிக்கட்டோரம் உட்கார்ந்து
மடியில் பையை வைத்து, பைமேல் காசோலை வைத்து
தணிகாசலம் பெயரை எழுதினேன்,
ஓரெழுத்தும் பிசகாமல்.
அறுநூறு. மட்டும்.
மட்டும் என்பதற்குப் பிறகு
விளிம்புவரை ஒரு கோடு,
யாரும் எதையும் சேர்க்கமுடியாதபடி.

தேதி போட்டேன்.
அன்றும் வெள்ளிக்கிழமை.
நான்கு அடிக்க
இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.