இறந்தகாலம் ஆக்கவும்

டுலூத் நகரம். ஏரி கரையோரமாய் உறையத் தொடங்கிய நவம்பர்.
சமுதாயக் கல்லூரியில் எனக்கு மாலை ஆறு மணி வகுப்பு.
கடைசி வரிசையில் ஹால்வர் ஹாகன்,
என்னைவிட இருபத்திரண்டு வயது மூத்த மாணவர்,
இரும்புத்தாது ஏற்றும் துறையிலிருந்து நேரே வருவார்.
தொட்ட தாளிலெல்லாம் செம்புழுதி ரேகை.

முதல் கட்டுரை ஒன்றரைப் பக்கம், ஒரே வாக்கியம்.
தம்பி பனிப்பாளத்தின் மேல் மீன்பிடிக்கப் போனது,
வண்டிச் சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போனது,
அந்த வண்டி ஏப்ரல் வரை கரையில் நின்றது,
நடுவில் ஒரு நாய், அம்மாவுக்கு வந்த தொலைபேசி, மறுபடி நாய்,
என் தம்பிக்குக் குளிர் ஆகாது
என்று முடிந்திருந்தது.
முடிந்தது என்பதுகூடத் தப்பு. புள்ளி இல்லை.

நான் வைத்தேன்.
சிவப்பு மையில் பத்தொன்பது இடத்தில் வைத்தேன்.
ஓரத்தில் எழுதினேன்:
இறந்தகாலம் ஆக்கவும்.

அடுத்த வாரம் ஆக்கிக்கொண்டு வந்தார்.
எனக்கு ஒரு தம்பி இருந்தான்.
அவன் பெயர் ஆர்லோ.
ஏரி பெரியது.
அவனுக்குக் குளிர் ஆகாமல் இருந்தது.
அவ்வளவுதான்.
எழுவாயும் பயனிலையும் ஒத்துப்போயிருந்தன.
தாளில் புழுதி இல்லை. கையைக் கழுவிவிட்டு எழுதியிருக்கிறார்.

"இப்ப சரியா?"
"நாய் என்ன ஆச்சு?" என்றேன்.
தொப்பியைக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.
"அதுக்குப் புள்ளி எங்கே வைக்கறதுன்னு தெரியலை.
அதான் விட்டுட்டேன்."

பழைய தாள் இருந்தது, சாப்பாட்டுப் பெட்டிக்குள் நாலாய் மடித்து.
இருவருமாக என் சிவப்பைத் தாண்டித் தாண்டிப் படித்தோம்.
காவலாளி விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார்.

எனக்குத் தெரியும், அந்தப் புள்ளிகளும் வேண்டும்.
மேற்பார்வையாளர் வேலைக்கு அவர் மனு எழுதினால்
அங்கே யாரும் நாயைத் தேடப்போவதில்லை.
ஜனவரியில் சொல்லித்தரலாம் என்றிருக்கிறேன்.
ஜனவரியில் அவர் வருவாரோ, என் ஒப்பந்தம் நீளுமோ.

டிசம்பரில் மூன்றாம் படி. காற்புள்ளிகள் பாதி தப்பு.
நாய் திரும்பிவிட்டது, ஒரு பக்கம் முழுக்கக் குரைக்கிறது.
சாவி இருக்கிறது.
கடைசிக்கு முந்தைய வரியில் அவரே வைத்த முற்றுப்புள்ளி,
தாள் ஓட்டையாகும் அளவுக்கு அழுத்தி.
அதற்குப் பிறகும் ஒரு வரி:

என் தம்பிக்குக் குளிர் ஆகாது

பேனாவை மூடிவிட்டேன்.