இருப்பு

"ஃப்ராவ் தில்லை" என்று கூப்பிட்டு
நின்றுவிட்டாள் வரவேற்பு மேசைக்காரி.
அம்பலம் அவள் வாய்க்குள்ளேயே போயிற்று.
பதினேழு வருடமாய் ஓல்ட்டனில்
பாதிப் பெயருக்குத்தான் எழும்புகிறேன்.
கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பியது மட்டும் புதிது.

டொக்டர் ஆமான் கீழிமையை இழுத்துப் பார்த்தார்,
வீடு வாங்க வந்தவர்
சுவரில் ஈரம் பார்ப்பதுபோல.
நகத்தைக் காட்டச் சொன்னார்.
கரண்டியாய்க் குழிந்த பெருவிரல் நகத்தில்
ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நிற்கும்.
நானே விட்டுப் பார்த்திருக்கிறேன்.

வழக்கமில்லாதது ஏதும் தின்கிறீர்களா?
ஐஸ், என்றேன்.
ஒரு இரவுக்கு மூன்று தட்டு.
நான் கடிக்கத் தொடங்கினால்
மகன் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொள்வான்.
அதுவும் இந்த நோயின் கையெழுத்தாம்.
குளிர் நாட்டில் எனக்கு வந்த கொழுப்பென்று
நினைத்திருந்தேன்.

மாதத்தில் எத்தனை நாள், எத்தனை துணி?
அப்பிள் நிறுத்துக் கேட்பதுபோலச் சொன்னேன்:
ஒன்பது நாள். சிலவேளை பதினொன்று.
தமிழில் கேட்டிருந்தால்
வாய் திறந்திருக்க மாட்டேன்.

ஃபெரிட்டின் ஆறு.
ஜன்னலுக்கு வெளியே ஆரே
நிறைய ஓடிக்கொண்டிருந்தது.
சேமிப்பு, என்று விளக்கினார்.
உடம்பு இரும்பை வைத்திருக்கும் அறை.
திறந்து பார்த்தால் கூட்டித் துடைத்த மாதிரி.

கூட்டித் துடைப்பதுதான் என் வேலையும்.
பதினொரு மணிக்குப் பிறகு
நிறுத்திவைத்த ரயில்களில்
மேசைக்கடியில் ஒட்டிய சுவிங்கம் சுரண்டுகிறேன்.
இருபக்கமும் இரும்பு, கீழே இரும்பு.
இருப்புப்பாதை, கையிருப்பு, என் இருப்பு
எல்லாம் ஒரே சொல்
என்று கண்ணாடி துடைக்கும்போது பட்டது.
அதில் ஆறு.

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும்
சும்மா இராதென்பார்கள்.
எனக்கு இரண்டும் இல்லை.
ஆனாலும் சும்மா இருக்க விட்டதில்லை யாரும்.

குளிசை செங்கல் நிறம்.
வெறும் வயிற்றில், தோடம்பழச் சாற்றோடு,
ஒருநாள் விட்டு ஒருநாள்.
பால் வேண்டாம், என்றான் மருந்துக்கடைப் பெடியன்.
பிறகு துக்கச் செய்தி கொண்டுவந்தவன்போல்
குரலைத் தாழ்த்தி:
தேநீரும். முன்னும் பின்னும் இரண்டு மணிநேரம்.

விடிய வந்து சப்பாத்தைக் கழற்றி
முதல் மிடறு தேத்தண்ணி இறங்கும்போதுதான்
எனக்கு வேலை முடியும்.
அந்தச் சாயம்
குடல் வாசலில் நின்று
இரும்பைக் கையைப் பிடித்து இழுத்துப் போகுமாம்.
இத்தனை வருடம் என்னோடு இருந்துகொண்டே.

நாலாம் நாள் கறுப்பாய்ப் போனது, தார்போல.
கழிவறையிலிருந்தே ஷ்புரேசாவுக்கு அடித்தேன்.
சிரித்தாள்.
நீ காசு கொடுத்து வாங்கி உடம்பு எடுக்காத மிச்சம் அது,
எனக்கு இரண்டு பிள்ளைக்கும் அப்படித்தான், என்றாள்.
அவளூரில் அப்பிளில் ஆணி குத்தி வைத்து
மறுநாள் பழத்தைத் தின்பார்களாம்.
ஆணியை? என்று கேட்டேன்.
வீடு கட்டுவோம், என்றாள்.

வயிறு இறுகியது. குமட்டியது.
மூன்று கிழமை பெட்டியைச்
சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்து மறந்தேன்,
மறந்ததை நன்றாய் நினைவு வைத்துக்கொண்டு.
பிறகு நாலாம் மேடைப் படியில்
பாதியில் உட்கார்ந்தேன், தண்ணி வாளியோடு.
அவசரமாய்ப் போன ஒருவர்
என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்,
மன்னிப்புக் கேட்டபடி.

அன்றே பெட்டியை எடுத்தேன்.

தை மாதத்தில் ஒருநாள் மகன் கேட்டான்:
ஏனம்மா சத்தமில்லை?
ஐஸ் தட்டில் பனி பூத்துக் கிடந்தது.
கடைசியாய் எப்போது தொட்டேன்?
எனக்கே தெரியவில்லை.

இப்போது பத்தொன்பது.
நிறுத்தக் கூடாது, என்கிறார் ஆமான்,
இரத்தம் நிறைந்தாலும் அறை நிறைய வேண்டும்,
இன்னும் மூன்று மாதம்.

விழுங்கிவிட்டேன்.
மணி ஐந்து ஐம்பது.
நான் துடைத்த ஜன்னலோரம் யாரோ உட்கார்ந்து
பேர்ணுக்குப் போகிறார்கள்.
கேத்தலில் தண்ணீர் இருக்கிறது.
ஏழு ஐம்பது வரை
அதை நானும் என்னை அதுவும்
பார்த்துக்கொண்டிருப்போம்.